ஆறு நாள் அந்தமான்: எதைப் பார்ப்பது, எதை விட்டுவிடுவது

நீங்கள் கேட்டது சுருக்கமாக இதுதான். பொங்கல் விடுமுறையில் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு ஆறு நாள் அந்தமான் போகிறீர்கள். ஏஜென்ட் ‘ஈகோ அண்ட் கல்ச்சர்’ என்று பெயர் வைத்து ஒரு திட்டம் அனுப்பியிருக்கிறார். செல்லுலார் சிறை, ராஸ், நார்த் பே, ஹேவ்லாக், நீல் எல்லாம் போக, ஐந்தாம் நாளில் ‘பாரடாங் – பழங்குடி வழித்தடம்’ என்று இருக்கிறது. கடலுக்கும் காட்டுக்கும் கெடுதல் செய்யாமல், அங்குள்ள மக்களின் வாழ்க்கையையும் பிள்ளைகளுக்குக் காட்ட இந்தத் திட்டம் சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில், போகிற போக்கில் கேட்பதுபோல, ‘ஜாரவாக்களைப் பார்ப்பது சட்டப்படி பரவாயில்லைதானே?’ என்றும் போட்டிருக்கிறீர்கள். உங்களை உறுத்துவது அந்த வரிதான் என்று எனக்குப் படுகிறது. அதனால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

அதற்கு முன் என்னைப் பற்றி இரண்டு வரி. நான் கடல் உயிரியல் படித்தவன். பவளப்பாறைக் கணக்கெடுப்புக்காக 2009-இல் போர்ட் பிளேருக்குப் போய், பிறகு அங்கேயே ஸ்கூபா சொல்லிக் கொடுத்துக்கொண்டு பதினோரு வருடம் இருந்தேன். ஆகவே கடலைப் பற்றிச் சொல்வது என் கண்ணால் பார்த்தது. பழங்குடி மக்களைப் பற்றிய விஷயத்தில் நான் மானுடவியல் படித்தவன் இல்லை. சட்டமும், நீதிமன்ற உத்தரவும், அந்தச் சாலையில் நானே போய் வந்ததும்தான் என் கையில் இருப்பவை. நிகோபார் பக்கம் நான் போனதே இல்லை. சுற்றுலாப் பயணிகளுக்கு அது பெரும்பாலும் மூடிய பகுதி, உங்கள் திட்டத்திலும் இல்லை. அதை விட்டுவிடுகிறேன்.

சரி, ஜாரவா. அந்தமான் காட்டில் வாழ்கிற பழங்குடி மக்கள் அவர்கள். தெற்கு அந்தமானையும் நடு அந்தமானையும் இணைக்கிற அந்தமான் டிரங்க் ரோடு, ஜாரவா மக்களின் காப்புப் பகுதிக்குள்ளேயே போகிறது. போர்ட் பிளேரிலிருந்து நாற்பது கிலோமீட்டர் சொச்சம் போனால் ஜிர்காடாங் சோதனைச் சாவடி. அங்கே வண்டிகளை நிறுத்தி வைத்து, குறிப்பிட்ட நேரங்களில் மட்டும் போலீஸ் வண்டியோடு வரிசையாக அனுப்புவார்கள். அங்கிருந்து மிடில் ஸ்ட்ரெயிட் ஜெட்டி வரை ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான காட்டுச் சாலை. அந்தச் சாலையில் பயணம் செய்வது இன்றைக்கும் சட்டப்படி செல்லும். வண்டியை நிறுத்துவது, இறங்குவது, படம் எடுப்பது, பிஸ்கட் பழம் எதையாவது கொடுப்பது, வழியில் நிற்பவர்களோடு பழக முயல்வது எல்லாம் குற்றம். 1956-ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குவிதி அது. 2012-இல் திருத்தித் தண்டனையைக் கூட்டினார்கள், சிறையும் அதில் உண்டு. ஆக, பாரடாங்கில் இருக்கிற சுண்ணாம்புக் குகையைப் பார்க்க அந்த வழியாகப் போகலாம். ‘பழங்குடி வழித்தடம்’ என்று பெயர் போட்டு ஜாரவா முகத்தை விற்க யாருக்கும் உரிமை கிடையாது. உங்கள் ஏஜென்ட் எழுத்தில் அப்படிக் கொடுத்திருந்தால் அந்தத் தாளைப் பத்திரமாக வைத்துக்கொண்டு வேறு ஆளைத் தேடுங்கள்.

சட்டம் இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. கிரேட் அந்தமானியர் என்று இன்று ஒரே பெயரில் சொல்லப்படுகிறவர்கள், 1858-இல் ஆங்கிலேயர் கைதிகளைக் கொண்டுவந்து இறக்கிய காலத்தில் பல மொழி பேசும் பல குழுக்களாக, ஆயிரக்கணக்கில் இருந்தவர்கள். நோய்களும் நிலப்பறிப்பும் சேர்ந்து அடித்ததில் 1961 கணக்கெடுப்பில் எஞ்சியது 19 பேர். அந்த மொழிகளில் ஒன்றான போ மொழியை அறிந்த கடைசிப் பெண்மணி 2010 ஜனவரியில் இறந்தார். ஜாரவாக்கள் அப்படி ஆகாமல் தப்பியதற்கு முக்கியமான காரணம், யாரையும் கிட்டே விடாமல் வில்லோடு நின்றதுதான். 1996-இல் காலொடிந்து கிடந்த ஒரு சிறுவனை போர்ட் பிளேர் மருத்துவமனையில் வைத்துக் குணப்படுத்தித் திருப்பி அனுப்பினார்கள். அதற்கு அடுத்த வருடத்திலிருந்து அவர்களாகவே காட்டைவிட்டு வெளியே வர ஆரம்பித்தார்கள். 1999-இல் அவர்களிடையே தட்டம்மை பரவியது. நமக்கு அது சின்ன வயதில் ஊசியோடு போய்விடுகிற விஷயம். தலைமுறை தலைமுறையாக வெளியாரோடு பழகாத சில நூறு பேர் கொண்ட ஒரு கூட்டத்துக்கு அப்படி இல்லை.

2002 மே மாதம், அந்தக் காப்புப் பகுதிக்குள் போகிற சாலைப் பகுதிகளை மூடச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. சாலை மூடப்படவில்லை. 2012 ஜனவரியில், உணவுக்காக ஜாரவாப் பெண்களை ஆடச் சொல்லி எடுத்த ஒரு வீடியோ வெளியாகி உலகம் முழுக்க அசிங்கப்பட்டோம். அடுத்த வருடம் இடைக்கால உத்தரவு ஒன்றால் சில வாரங்கள் சுற்றுலாப் பயணிகள் போக்கு நின்றது, மறுபடி திறந்தது. இதுவரை சொன்னதில் சந்தேகத்துக்கு இடமில்லை. சுற்றுலாவை மட்டும் நிறுத்தினால் போதுமா, சாலையையே மூட வேண்டுமா, வெளியே வந்து பழகிவிட்ட இளைஞர்களுக்கு இனி என்ன வேண்டும் என்பதில்தான் விவரம் தெரிந்தவர்களே இரண்டு பட்டு நிற்கிறார்கள். நடு அந்தமான், வடக்கு அந்தமானில் குடியிருக்கிற ஆயிரக்கணக்கானோருக்குப் பிரசவம், அறுவை சிகிச்சை என்றால் அந்தச் சாலைதான் முக்கிய வழி. அவர்களிடம் போய் ‘மூடு’ என்று சொல்லிவிட எனக்கு வாய் வரவில்லை. உல்லாசத்துக்குப் போகிற நமக்கு அந்த அவசரம் எதுவும் இல்லை.

நானும் ஒரு தடவை போனேன். போன முதல் வருடம், சென்னையிலிருந்து வந்த உறவுக்காரர்களோடு. ராத்திரி மூன்று மணிக்குக் கிளம்பி ஜிர்காடாங்கில் வரிசையில் நின்றோம். சாவடியைச் சுற்றி டீக்கடை, வடைக்கடை, தூங்கி வழியும் குழந்தைகள், திருவிழா மாதிரி. காட்டுக்குள் நுழைந்து அரைமணி நேரத்தில் சாலையோரம் ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு நின்றாள். தலையில் சிவப்பு நூல் கட்டியிருந்தாள். டிரைவர் சொல்லி வைத்தாற்போல வேகத்தைக் குறைத்தார். வேனில் இருந்த அத்தனை பேரும் இடது பக்கம் சாய்ந்தார்கள். வண்டியே ஒருபக்கமாகச் சரிந்தது. பின்னால் யாரோ ஜன்னல் வழியாக ஒரு பிஸ்கட் பாக்கெட்டை எறிந்தார்கள். அவள் அதைக் குனிந்து எடுக்கவில்லை, எங்களைப் பார்க்கவும் இல்லை. நான் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். அதற்கப்புறம் அந்த வழியாக நான் சுற்றிப் பார்க்கப் போனதில்லை. குகையைப் பற்றியும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: அலையாத்திக் காட்டுக்குள் போட்டில் போகிற அரைமணி நேரம் அருமை, குகை சுமார். அலையாத்தியை வண்டூரிலேயே பார்க்கலாம், அதைப் பின்னால் சொல்கிறேன்.

அப்படியானால் ‘கல்ச்சர்’ எங்கே என்று கேட்பீர்கள். அந்தமானில் நீங்கள் போய்ப் பேசி, சாப்பிட்டு, கதை கேட்கக்கூடிய மக்கள் வந்தேறிகள்தான். இதைத் தாழ்வாகச் சொல்லவில்லை. இவ்வளவு சின்ன இடத்தில் இத்தனை விதமான இடப்பெயர்வு சேர்ந்திருப்பதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. கைதிகளின் வம்சத்தார் தங்களை ‘லோக்கல் பார்ன்’ என்கிறார்கள். ஜப்பானியர் தீவைப் பிடித்த 1942-க்கு முன்பே வேரூன்றியவர்கள் என்பதால் ‘ப்ரீ-42’ என்றும் ஒரு பெயர். இந்து-முஸ்லிம், வங்காளி-பஞ்சாபி என்று பார்க்காமல் கல்யாணம் செய்துகொண்ட குடும்பங்கள் அதில் நிறைய. 1921 மாப்பிளைக் கலகத்துக்குப் பிறகு நாடுகடத்தப்பட்டவர்கள் ஊர்ப்பெயர்களையும் கூடவே கொண்டுவந்தார்கள். தெற்கு அந்தமானில் மஞ்சேரி, காலிகட் என்று பெயர்ப்பலகைகளைப் பார்த்தால் குழம்ப வேண்டாம். 1925-இல் பர்மாவிலிருந்து கரேன் மக்களைக் காட்டு வேலைக்குக் கொண்டுவந்து மாயாபந்தர் பக்கம் வெபியில் குடியமர்த்தினார்கள். சோட்டா நாக்பூரிலிருந்து மரம் வெட்ட வந்த ஆதிவாசிகளை எல்லோரும் ‘ராஞ்சி’ என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுவார்கள். கிழக்கு வங்கத்து அகதிகளுக்கு அரசு நிலம் கொடுத்துத்தான் ஹேவ்லாக், நீல் இரண்டும் ஊராயின. இவ்வளவு பேருக்கும் பொதுவாக ஓடுவது ஓர் உடைந்த, இலக்கணத்தைப் பற்றிக் கவலைப்படாத இந்தி.

தமிழர்கள் இல்லாமலா? போர்ட் பிளேரின் அபர்தீன் பஜாரில் நீங்கள் தமிழிலேயே காரியத்தை முடித்துக்கொள்ளலாம். முருகன் கோயில் உண்டு, பங்குனி உத்திரத்துக்குக் காவடி உண்டு. இட்லி மாவு சென்னைப் புளிப்பு வராது, தண்ணீர் அப்படி. பெரும்பாலோர் கப்பலேறி வேலை தேடி வந்தவர்கள். இன்னொரு சிறு கூட்டம் இலங்கையிலிருந்து. சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தப்படி திருப்பி அனுப்பப்பட்ட மலையகக் குடும்பங்களில் சில, நிகோபாரின் கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டன. தேயிலையை விட்டு வந்தவர்களுக்கு ரப்பர். போர்ட் பிளேரில் பழைய ஆட்கள் யாரிடமாவது ‘எப்போ வந்தீங்க’ என்று ஒரு கேள்வி போட்டுப் பாருங்கள், டீ ஆறிப்போகும்வரை பேசுவார்கள். நம்மூர்க்காரர்களுக்கு இங்கே ஒரு எச்சரிக்கை: சோழர்களின் கடற்படைத் தளம் அந்தமானில் இருந்தது என்று யாராவது மார்தட்டிச் சொன்னால் கொஞ்சம் சந்தேகத்தோடு கேட்டுக்கொள்ளுங்கள். ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் ‘மாநக்கவாரம்’ வருவது உண்மை, அது நிகோபார் என்பதே அறிஞர் பலரின் கருத்து. வென்ற இடங்களின் வரிசையில் ஒன்றாக வருகிறது, அவ்வளவுதான். அந்த வரியில் தளம் எதுவும் பேசப்படவில்லை.

ஆகவே முதல் நாளை போர்ட் பிளேருக்கு ஒதுக்குங்கள். மானுடவியல் அருங்காட்சியகத்துக்கு ஒன்றரை மணி நேரம் கொடுங்கள். ஜாரவா, ஒங்கே, சென்டினல் மக்களின் வில், கூடை, படகுகளைப் பிள்ளைகள் நிதானமாக அங்கே பார்க்கலாம், பார்ப்பதால் யாருக்கும் கெடுதல் இல்லை. செல்லுலார் சிறை 1896-இல் தொடங்கி 1906-இல் கட்டி முடிந்தது. ஏழு சிறகில் மூன்றுதான் மீதம். மற்ற இடத்தில் இன்று அரசு மருத்துவமனை நடக்கிறது. ஒலி-ஒளி நிகழ்ச்சியை விட, கூட்டமில்லாத காலை நேரத்தில் ஓர் அறைக்குள் போய்க் கதவை லேசாகச் சாத்தி ஒரு நிமிடம் நிற்பது நல்லது. சாத்தம் மர அறுவை ஆலையும் பக்கத்திலேயே, 1883-இல் தொடங்கியது. அந்தமானின் படாக் மரங்கள் எங்கே போயின என்ற கேள்விக்குப் பதில் அங்கே அடுக்கி வைத்திருக்கிறது.

ராஸ் தீவில் பிள்ளைகள் புள்ளிமானுக்குப் பழம் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். எல்லோரும் அதை ‘இயற்கை’ என்று நினைக்கிறார்கள். புள்ளிமான் அந்தமான் விலங்கே இல்லை. ஆங்கிலேயர் வேட்டைக்காகக் கொண்டுவந்து விட்டது. அடித்துத் தின்னப் புலியோ சிறுத்தையோ இல்லாததால் பெருகி, நீந்தித் தீவு தீவாகப் பரவி, முளைக்கிற கன்றுகளையெல்லாம் மேய்ந்துவிடுகிறது. மான் அதிகமுள்ள தீவுகளில் பெரிய மரங்கள் இருக்கும், அடியில் ஒன்றும் இருக்காது. உங்கள் மகளுக்கு இதைச் சொல்லிக் காட்டுங்கள். அந்தக் காடு ஏன் பூங்கா மாதிரிச் சுத்தமாக இருக்கிறது என்று அவளே கண்டுபிடிப்பாள்.

இனி கடல். 2010 மே மாதத்தை மறக்க முடியாது. தண்ணீருக்குள் குதித்தால் யாரோ வெந்நீர் கலந்து வைத்தாற்போல இருந்தது. பத்து மீட்டர் ஆழத்திலும் குளிர்ச்சி இல்லை. போன மாதம் பழுப்பும் பச்சையுமாக இருந்த மான்கொம்புப் பவளம் முழுக்கச் சுண்ணாம்பு அடித்ததுபோல வெள்ளை. பவளப் பூச்சிக்குள் குடியிருந்து உணவு தயாரித்துக் கொடுக்கிற நுண்பாசி, சூடு தாங்காமல் வெளியேறிவிடுவதால் வருகிற வெளுப்பு அது. சில வாரங்களில் சூடு தணிந்தால் பவளம் பிழைத்துக்கொள்ளும். தணியாவிட்டால் செத்து, மேலே பாசி படர்ந்து, ஒரு வருடத்தில் கைபட்டால் உதிரும். 1998, 2010, 2016 என்று அந்தமான் பவளம் பலமுறை பெரிதாக அடிவாங்கியிருக்கிறது. இதற்கு நடுவே 2004 நிலநடுக்கத்தில் வடக்கு அந்தமானின் மேற்குக் கரையில் தரை உயர்ந்து, உயிரோடிருந்த பவளம் அப்படியே வெயிலில் காய்ந்து போனது.

இதைச் சொல்வது ஏன் என்றால், பவளத்தைக் கொல்கிற பெரிய காரணம் கடலின் சூடு என்பதில் இன்று சந்தேகமில்லை. சுற்றுலாப் பயணி அதற்கு அடுத்த வரிசை. ஆனால் ஏற்கெனவே நோய்வாய்ப்பட்டுக் கிடக்கிற பாறையை மிதிக்கிற ஆள் அவர்தான். சன்ஸ்கிரீன் விஷயத்தில் இன்னும் வாதம் நடக்கிறது. ஆக்ஸிபென்சோன் கலந்த கிரீம்கள் பவளக் குஞ்சுகளைப் பாதிப்பதாக ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டின, அதை வைத்து ஹவாயும் பலாவும் தடையே போட்டன. திறந்த கடலில் கரைந்து நீர்த்துப்போன அளவில் அது எவ்வளவு தூரம் கெடுக்கும் என்பதில் ஆராய்ச்சியாளர்கள் ஒத்துப்போகவில்லை. என் வழக்கம் எளிது: முழுக்கை லைக்ரா சட்டை போட்டுவிட்டால் முக்கால்வாசி கிரீம் தேவைப்படாது. பிள்ளைகளுக்கு முதுகு எரியாமலும் இருக்கும்.

கண்ணெதிரே நடக்கிற கெடுதல்கள் வேறு. நீல் தீவில் லட்சுமண்பூர் பக்கம் கடல் வற்றும் நேரத்தில், வங்காளிக் குடியேறிகள் ஊர் நினைப்பில் ‘ஹவுரா பிரிட்ஜ்’ என்று பெயர் வைத்த பாறை வளைவுக்குக் கீழே, சின்னச் சின்னக் குட்டைகள் தேங்கி நிற்கும். அந்தமானிலேயே எனக்குப் பிடித்த இடம் அதுதான். முழங்கால் அளவு கூட இல்லாத நீரில் நட்சத்திர மீன், குட்டி நண்டு, நீல உதட்டோடு வாய்பிளந்த கிளிஞ்சல், கறுப்புக் கடல் அட்டை. வழிகாட்டிகளில் சிலர் அட்டையைக் கையில் எடுத்துப் பிள்ளைகளின் உள்ளங்கையில் வைப்பார்கள். பயந்துபோன அட்டை நீரைப் பீய்ச்சும், எல்லோரும் சிரிப்பார்கள். கடல் அட்டை 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, புலிக்கு இருக்கிற அதே பாதுகாப்போடு. நம்மூர் மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் அட்டையோடு பிடிபட்டுச் சிறைக்குப் போனவர்கள் எத்தனை பேர். இங்கே அது பொம்மை. ‘எடுக்க வேண்டாம், காட்டினால் போதும்’ என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். பெரும்பாலான வழிகாட்டிகள் மறுப்பு சொல்ல மாட்டார்கள். டிப்ஸ் கிடைக்கிறது என்பதற்காகச் செய்கிறவர்கள்தான். அதுபோல மீனுக்கு ரொட்டி போட்டுக் கூட்டம் சேர்ப்பதும் வேண்டாம். பாறையில் பாசியை மேய்ந்து பவளத்துக்கு இடம் ஒழித்துக் கொடுக்க வேண்டிய மீன்களும் ரொட்டிக்குப் பழகிவிடுகின்றன.

எலிஃபண்ட் பீச், நார்த் பே இரண்டிலும் ஹெல்மெட் மாட்டிக் கடலடியில் நடக்கவைப்பார்கள். நான் அதை யாருக்கும் சிபாரிசு செய்ததில்லை. ஒரே இடத்தில் நாளுக்கு நூறு பேர் நடந்தால் அந்தத் தரையில் என்ன மிஞ்சும்? உங்கள் பிள்ளைகளுக்கு ஸ்கூபா வயதும் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மாஸ்க், ஸ்நார்க்கல், லைஃப் ஜாக்கெட் போதும். மிதந்துகொண்டே பார்க்கச் சொல்லிக் கொடுங்கள். காலை ஊன்றி நிற்பதுதான் தப்பு. துடுப்புக் காலணி வேண்டாம், சின்னப் பிள்ளைகள் அதை வைத்துப் பாறையை உதைத்துவிடுவார்கள்.

ஒழுங்காக நடக்கிற இடம் ஒன்று காட்டச் சொன்னால் வண்டூரைக் காட்டுவேன். 1983-இல் அறிவித்த மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்கா, பதினைந்து தீவுகள், 281 சதுர கிலோமீட்டருக்கு மேல். சுற்றுலாவுக்குத் திறப்பது ஜாலி பாய், ரெட் ஸ்கின் இரண்டுதான். அதிலும் ஒன்று திறந்திருக்கும்போது மற்றது மூடியிருக்கும். ஜனவரியில் உங்களுக்கு ஜாலி பாய் கிடைக்கும். திங்கட்கிழமை பூங்கா கிடையாது, அனுமதி முன்கூட்டியே வாங்க வேண்டும். பிளாஸ்டிக் பாட்டில், சிப்ஸ் பாக்கெட் எதுவும் கொண்டுபோக முடியாது. ஜெட்டியிலேயே பையைப் பிரித்துப் பார்ப்பார்கள், வேண்டுமென்றால் முன்பணம் கட்டி வாடகை பாட்டில் எடுத்துக்கொள்ளலாம். முதல் தடவை எரிச்சலாக இருக்கும். அந்தக் கரையில் இறங்கி மணலைப் பார்த்தால் எரிச்சல் போய்விடும். போகிற வழி முழுக்க இரண்டு பக்கமும் அலையாத்தி. பாரடாங்கில் பார்க்க நினைத்தது இதுதான். ஆறு மாதம் மூடி வைத்தால் பவளம் வளர்ந்துவிடுமா என்றால், வளராது. மான்கொம்புப் பவளமே வருடத்துக்குச் சில சென்டிமீட்டர்தான் வளரும், உருண்டைப் பவளம் மில்லிமீட்டர் கணக்கு. மூடுவதால் கிடைப்பது நங்கூரமும் காலும் படாத ஓய்வு மட்டும்.

வண்டூரிலிருந்து திரும்புகிற வழியில் சிப்பிகாட்டில் வண்டியைப் பத்து நிமிடம் நிறுத்தச் சொல்லுங்கள். எந்தப் பேக்கேஜிலும் வராத இடம், சாலையோரத்திலேயே இருக்கிறது. 2004 டிசம்பர் 26 காலை வரை அது நெல்வயல். நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமானே ஏறக்குறைய ஒரு மீட்டர் இறங்கியது, கடல் உள்ளே வந்து அப்படியே தங்கிவிட்டது. செத்துப்போன தென்னைகளின் அடிமரம் நீருக்கு நடுவே நின்றுகொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்த வயல்காரர்களுக்கு நிலம் போனது போனதுதான். பறவைகளுக்கு அது கொண்டாட்டம்: கொக்கு, நீலத் தாழைக்கோழி, உலகில் வேறெங்கும் எளிதில் பார்க்க முடியாத அந்தமான் கிளுவை. விடியற்காலை என்றால் இன்னும் நல்லது.

தங்குமிடத்துக்கு வருவோம். ‘ஈகோ ரிசார்ட்’ என்று பலகை மாட்ட ஒரு பெயின்டர் போதும். மூங்கில் குடிசை, ஓலைக் கூரை என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கழிவுநீர் எங்கே போகிறது என்று இரண்டு கேள்வி கேளுங்கள். போர்ட் பிளேர் தனிக்காரி அணையை நம்பி இருக்கிறது. கோடையில் வீடுகளுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள், சில சமயம் அதையும் விட அரிதாகத்தான் குழாயில் தண்ணீர் வரும். எங்கள் வீட்டுச் சமையலறையில் எப்போதும் ஏழெட்டு வாளி நிரப்பி வைத்திருப்போம். அதே ஊரில் நீச்சல் குளத்தோடு விடுதி கட்டுகிறவர்களுக்கு டேங்கர் வந்துவிடுகிறது. நான் வேலை பார்த்த ஓரிடத்தில், மழைநீர் சேமிப்பு என்று விருந்தினர்களுக்குக் காட்டிய தொட்டிக்குள் கிழிந்த வலைகளைப் போட்டு வைத்திருந்தார்கள். கடற்கரையைக் கிட்டத்தட்ட ஒட்டிக் கட்டிய விடுதிகளை விட, ஊருக்குள் குடும்பம் நடத்துகிற நாலைந்து அறை விடுதி நல்லது, சாப்பாடும் பிழைக்கும். நீல் தீவின் காய்கறிதான் போர்ட் பிளேருக்கே போகிறது. காலையில் ஜெட்டியில் நின்றால் சுற்றுலாக்காரர்கள் டிராலி பெட்டியோடு இறங்குகிற அதே பலகையில் கத்தரிக்காய் மூட்டை ஏறும்.

உங்கள் ஆறு நாளை நான் இப்படித்தான் போடுவேன்: இரண்டு நாள் போர்ட் பிளேர், அதில் ஒன்று வண்டூர், மூன்று நாள் நீல், திரும்புகிற நாள். ஹேவ்லாக் வேண்டாமா என்றால், ராதாநகர் கடற்கரை அழகுதான், மறுக்கவில்லை. ஆறு நாளில் இரண்டு தீவு என்றால் பாதி நேரம் ஜெட்டியில் போய்விடும். நீல் தீவை சைக்கிளிலேயே சுற்றி வந்துவிடலாம். கரேன் கிராமங்களைப் பார்க்க ஆசை இருந்தால் அது இந்தப் பயணத்தில் முடியாது; இன்னொரு தடவை, பத்து நாள் எடுத்துக்கொண்டு, அரசுக் கப்பலில் கடல் வழியாகவே ரங்கத் வரை போய் அங்கிருந்து மாயாபந்தர் போங்கள். அப்படிப் போனால் ஜிர்காடாங் வரிசையில் நிற்க வேண்டியதில்லை.

சில்லறை விஷயங்கள். டிக்கெட்டில் பெயர்கள் மாறியிருக்கும்: 2018 முதல் ஹேவ்லாக் ஸ்வராஜ் தீவு, நீல் ஷஹீத் தீவு, ராஸ் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு, 2024 செப்டம்பரில் போர்ட் பிளேர் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. ஆட்டோக்காரர்கள் பழைய பெயரைத்தான் சொல்வார்கள். கடிகாரம் சென்னையுடையதே, சூரியன் மட்டும் முந்திக்கொள்ளும். ஜனவரியில் மாலை ஐந்தரைக்குள் இருட்டிவிடும், ஆகவே காலை ஆறு மணிக்கே வெளியே இருங்கள். முதலை எச்சரிக்கைப் பலகையை அலங்காரமாக நினைக்காதீர்கள். 2010-இல் ஹேவ்லாக்கில் ஸ்நார்க்கல் செய்துகொண்டிருந்த ஒரு பெண்ணை உப்புநீர் முதலை கொன்றது. கழிமுகம் பக்கத்திலும் இருட்டிய பிறகும் தண்ணீரில் இறங்க வேண்டாம். கரையில் கிடக்கும் பவளத் துண்டையும் சங்கையும் பையன் சட்டைப்பையில் போட்டுக்கொள்வான். விமான நிலையத்தில் பையைத் திறந்து எடுப்பார்கள், அவன் அழுவான். முதல் நாளே சொல்லி வையுங்கள்.

நீல் போகும் மூன்று நாளில் ஒன்றாவது அமாவாசையையோ பௌர்ணமியையோ ஒட்டி வருகிறதா என்று காலண்டரில் பாருங்கள். அப்போதுதான் கடல் நன்றாக வற்றும், குட்டைகள் திறக்கும். அமாவாசை என்றால் ராத்திரியில் இருட்டான கரையில் காலால் ஈர மணலைத் தேய்த்துப் பாருங்கள். அதிர்ஷ்டம் இருந்தால் நீலப் பொறி பறக்கும். ஏஜென்டிடம் தேதியை மாற்றச் சொல்லும்போது பாரடாங்கை எடுத்துவிட்டால் எவ்வளவு குறையும் என்றும் கேட்டு எழுதுங்கள்.